கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம்: ஏறும் முன்னும் இறங்கிய பின்னும்

கோலாலம்பூருக்கு முதல்முறை போகிறவர்களில் பலர் இரட்டைக் கோபுரத்துக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். காரில் வந்து இறங்குவது, வாசலில் நின்று நாலு படம் எடுப்பது, கிளம்புவது. இன்னும் சிலர் எப்படியாவது மேலே ஏறிவிட வேண்டும் என்று சீட்டுக்கு அலைந்தே ஒரு பொழுதைப் போக்கிவிடுவார்கள். கோபுரத்தைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் ஒரு முழு நாளுக்கான இடங்கள் இருக்கின்றன என்பது இரு தரப்புக்கும் தெரிவதில்லை. அதனால் மேலே ஏறுவதை முதல் வேலையாக வைக்காமல், எந்த நேரத்தில் எங்கே இருப்பது என்று பார்த்துத் திட்டம் போடுங்கள். இந்த ஊரில் வெயிலுக்கும் மழைக்கும் தோதாக நடந்தால்தான் கால் தாங்கும்.

எங்கே இறங்குவது

ஊரின் ரயில் தடங்கள் கூடும் இடம் கே.எல். சென்ட்ரல். அங்கிருந்து கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. ரயிலில், கோம்பாக் போகும் திசையில் ஏறுங்கள். பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, அடுத்தது கே.எல்.சி.சி. ஐந்தாவது நிறுத்தம். ஒரு நடைக்கு மட்டும் சீட்டு வாங்கினால் இயந்திரம் நீல நிற பிளாஸ்டிக் வில்லை ஒன்றைத் தரும். உள்ளே போகும்போது அதை வாயிலில் தொட வேண்டும், வெளியேறும்போது துளைக்குள் போட வேண்டும். தொலைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தங்குவதாக இருந்தால் டச் என் கோ அட்டை ஒன்று வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்வது நல்லது. வரிசையில் நிற்கும் வேலை மிச்சம்.

கே.எல்.சி.சி. நிலையம் தரைக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து நேராக சூரியா கே.எல்.சி.சி. பேரங்காடிக்குள் நுழைந்துவிடுவீர்கள். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். கோபுரத்துக்கு அடியிலேயே நின்றுகொண்டு கோபுரம் எங்கே என்று தேடுவார்கள். பேரங்காடிக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் வெளியே வந்தால் அம்பாங் சாலை, எதிர்ப்பக்கம் வந்தால் ஏரியும் பூங்காவும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், வழி தவறாது.

கார் வேண்டுமென்றால் கிராப் செயலியைப் பயன்படுத்துங்கள். கோபுர வாசலில் காத்திருக்கும் டாக்ஸிகளில் மீட்டர் போடுவார்களா என்பதைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அம்பாங் சாலை நெரிசல் சொல்லி மாளாது. அந்த நேரத்தில் ரயில்தான் சரி.

மேலே ஏறுவதா வேண்டாமா

முதலில் என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்வோம். 451.9 மீட்டர் உயரம், 88 மாடி. 1998 முதல் 2004 வரை உலகின் உயரமான கட்டடம் இதுதான். பிறகு தைப்பே 101 அந்த இடத்தைப் பிடித்தது. வடிவமைத்தவர் அர்ஜென்டினாவில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி. ஒரு மாடியின் தரைப்படத்தை மேலிருந்து பார்த்தால் நம் வாசல் கோலத்தில் வரும் எட்டு முனை நட்சத்திரம்போல இருக்கும். இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று திருப்பி வைத்த இஸ்லாமிய வடிவம் அது. இடைவெளிகளில் அரைவட்டங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

முன்பு இந்த நிலம் குதிரைப் பந்தய மைதானம். அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை, அதுவும் பள்ளமும் பொந்துமாக. முதலில் குறித்த இடத்தில் பாறை ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் சரிந்து போனதால், கோபுரங்களையே ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி நிறுத்தினார்கள். நூறு மீட்டருக்கும் ஆழமாக இறங்கிய அடித்தளத் தூண்கள் அவற்றைத் தாங்குகின்றன. இந்தச் சுண்ணாம்புப் பாறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

இரண்டு கோபுரங்களும் இரண்டு வெவ்வேறு குழுக்கள் கட்டியவை. ஒன்றுக்கு ஜப்பானிய நிறுவனமும், மற்றதற்குக் கொரிய நிறுவனமும் தலைமை தாங்கின. நடுவிலுள்ள பாலம் 41, 42ஆம் மாடிகளில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில், 58 மீட்டர் நீளத்துக்கு நீண்டிருக்கிறது. அதை இரு கோபுரங்களோடும் இறுகப் பிணைக்கவில்லை. காற்றில் கோபுரங்கள் தனித்தனியாக அசையும் என்பதால், பாலத்தின் முனைகள் நகர்ந்து கொடுக்கும்படி விட்டிருக்கிறார்கள். கீழிருந்து பார்க்கும்போது பாலத்தைத் தாங்கும் இரண்டு சாய்ந்த கால்கள் தெரிகின்றன அல்லவா, அவை 29ஆம் மாடியிலிருந்து கிளம்புகின்றன.

சீட்டு வாங்கியவர்களைக் குழுவாக அழைத்துப் போவார்கள். முதலில் பாலம், பிறகு 86ஆம் மாடிக் காட்சித்தளம். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடங்கள்தான். அதற்குள் அடுத்த குழு வந்துவிடும். நிதானமாக உட்கார்ந்து ஊரைப் பார்க்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். காட்சித்தளத்தில் எனக்குப் பிடித்தது ஊர்க்காட்சி அல்ல, பக்கத்துக் கோபுரத்தின் உச்சி. கீழிருந்து ஊசிமுனைபோலத் தெரிந்தது அங்கே கண்ணுக்கு நேரே எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்பதைக் காணவாவது ஒருமுறை ஏறலாம்.

ஏறுவதென்று முடிவு செய்தால் இப்படிச் செய்யுங்கள்:

1. இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் நேரில் போய்ச் சீட்டு வாங்கலாம் என்று நம்பிப் போகவே கூடாது.
2. திங்கட்கிழமை வழக்கமான விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் இடைவெளி உண்டு.
3. கட்டணம் மலேசியக் குடிமக்களுக்குக் குறைவு, வெளிநாட்டவருக்கு நன்றாகவே கூடுதல். மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்பார்கள். கடையில் “பத்து வெள்ளி” என்றால் திகைக்க வேண்டாம்.
4. காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது இந்த ஊரின் வழக்கம். மேகம் மூடினால் கொடுத்த காசுக்கு வெள்ளைச் சுவர்தான் காட்சி.

குடும்பத்தோடு போய்ச் செலவு கையைக் கடித்தால் ஏறாமல் விடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், புக்கிட் நானாஸ் குன்றின் மேல் நிற்கும் கே.எல். கோபுரம் இருக்கிறது. 1996இல் திறந்தது, 421 மீட்டர். அங்கே ஏறினால் இரட்டைக் கோபுரமே காட்சியின் நடுவில் நிற்கும், நேரக் கெடுபிடியும் குறைவு. அதன் அடியில் முதிர்ந்த ஜெலுத்தோங் மரம் ஒன்று நிற்கிறது. அதை வெட்டாமல் காப்பதற்காகக் கட்டுமானத்தையே தள்ளி அமைத்தார்கள். குன்றைச் சுற்றியிருப்பது 1906இலேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட மழைக்காட்டின் மிச்சம். நகரத்துக்கு நடுவே அப்படியொரு காடு என்பது முதலில் நம்பமுடியாததாகத்தான் இருக்கும்.

படம் எடுக்க

அம்பாங் சாலை வாசலில் நின்று முழுக் கோபுரத்தையும் சட்டகத்துக்குள் கொண்டுவர ஏறக்குறைய தரையில் படுக்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டே கைப்பேசியில் மாட்டும் அகலக் கண்ணாடிகளை விற்பவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். வாங்கத் தேவையில்லை. பேரங்காடி வழியாகப் பின்பக்கம் வந்து, ஏரியின் மறுகரைக்கு நடந்துபோங்கள். எந்தக் கண்ணாடியும் இல்லாமல் இரண்டு கோபுரமும் பாலமும் அடங்கிவிடும். காலையில் பூங்காப் பக்கமும் பிற்பகலில் அம்பாங் சாலைப் பக்கமும் வெளிச்சம் விழும்.

பூங்காவும் மதிய வெயிலும்

பின்னாலிருக்கும் கே.எல்.சி.சி. பூங்கா 50 ஏக்கர். பிரேசிலின் புகழ்பெற்ற நிலவடிவமைப்பாளர் ரொபெர்தோ புர்லே மார்க்ஸின் கடைசிப் பணிகளில் ஒன்று. நடைபாதை வளைந்து வளைந்து போவதால் 50 ஏக்கர் இன்னும் பெரிதாகத் தோன்றும். குழந்தைகள் கணுக்காலளவு நீரில் விளையாட ஒரு குளமும் பெரிய விளையாட்டுத் திடலும் உண்டு, இரண்டும் இலவசம். மாற்றுத் துணி ஒன்று பையில் இருக்கட்டும், பிள்ளைகள் நனையாமல் திரும்ப மாட்டார்கள்.

பதினொரு மணிக்கு மேல் வெளியே நிற்காதீர்கள். வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். அந்த நேரத்தைக் குளிர்சாதனத்துக்குள் கழியுங்கள். பேரங்காடியின் நாலாம் மாடியில் பெட்ரோசைன்ஸ் அறிவியல் மையம் இருக்கிறது. பெட்ரோலியம் பூமிக்குள் எப்படி உருவாகிறது என்பதில் தொடங்கும். எட்டிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் மூன்று மணி நேரம் போவதே தெரியாது. அதே மாடியில் கினோகுனியா புத்தகக் கடை. அப்புறம், பூங்காவின் மறுமுனையிலுள்ள மாநாட்டு மையத்தின் கீழ்த்தளத்தில் அக்குவாரியா. 90 மீட்டர் நீளச் சுரங்கக் கண்ணாடிக்குள் நின்றால் தலைக்கு மேல் சுறா போகும். சின்னக் குழந்தைகளுக்குப் பெட்ரோசைன்ஸைவிட இதுதான் பொருந்தும். இரண்டையும் ஒரே மதியத்தில் திணிக்க வேண்டாம்.

மாநாட்டு மையத்திலிருந்து புக்கிட் பிந்தாங் கடைவீதிக்கு மேம்பால நடைபாதை ஒன்று போகிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், மூடிய குளிர்சாதனப் பாதை. மழைக்கும் பயமில்லை, சாலை கடக்கவும் வேண்டாம். போய்ச் சேரும் இடம் பவிலியன் பேரங்காடி. அதைத் தாண்டினால் ஜாலான் அலோர் இரவு உணவுத் தெரு. கடைகள் உங்களுக்குப் பிடிக்குமென்றால் போங்கள். எனக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

மாலையில்: சலோமா பாலம், கம்போங் பாரு

கோபுரத்தைச் சுற்றி ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போகச் சொல்வேன். மழை விட்டதும், ஆறரை மணி வாக்கில் கிளம்பலாம். கோலாலம்பூரில் ஏழு மணி தாண்டித்தான் பொழுது சாயும். அம்பாங் சாலையைக் கடந்து, பழைய முஸ்லிம் இடுகாட்டை ஒட்டி நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சலோமா பாலம். 2020இல் திறந்த நடைமேம்பாலம், 69 மீட்டர் நீளம். கிள்ளான் ஆற்றையும் ஒரு விரைவுச்சாலையையும் ஒருசேரத் தாண்டுகிறது. மலாய்த் திருமணங்களில் வெற்றிலையை அடுக்கடுக்காகச் செருகி அலங்கரித்து வைப்பார்கள். அந்த அடுக்கின் வடிவத்தில்தான் பாலத்தின் கூடு. இருட்டியதும் ஆயிரக்கணக்கான விளக்குகள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். பாடகி சலோமாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவரும் அவர் கணவர், மலாய்த் திரையுலகின் பெருங்கலைஞர் பி. ரம்லியும் அடக்கமாகியிருப்பது நீங்கள் கடந்துவந்த அதே இடுகாட்டில்தான்.

பாலத்தைத் தாண்டினால் கம்போங் பாரு. ஆங்கிலேயர் காலத்தில், 1900ஐ ஒட்டி, மலாய்க்காரர்களின் விவசாயக் குடியிருப்பாக ஒதுக்கிய நிலம். மலாய்க்காரர்கள் மட்டுமே இங்கே நிலம் வைத்துக்கொள்ளலாம் என்ற கட்டுப்பாடு இருப்பதாலும், ஒரே மனை பல வாரிசுகளின் பெயரில் பிரிந்து கிடப்பதாலும், ஊரே வானத்துக்கு வளர்ந்தபோதும் இந்த மூலை தாழ்வாரமும் கூரையுமாகவே நின்றுவிட்டது. கால் வைத்து உயர்த்திய மரவீடு, வாசலில் வாழை, வேலியோரம் கோழி, அதற்குப் பின்னால் 88 மாடி. கோபுரம் எவ்வளவு உயரம் என்பது 86ஆம் மாடியில் நிற்பதைவிட இங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த இடத்தை இடித்துக் கட்டத் திட்டங்கள் வந்தபடியே இருக்கின்றன. புதுக் கட்டடங்களும் ஆங்காங்கே முளைத்துவிட்டன. பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இது மக்கள் குடியிருக்கும் இடம் என்பதால் வீட்டு முற்றத்துக்குள் கேமராவை நீட்டாமல் தெருவிலிருந்தே பாருங்கள்.

சாப்பாட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் சேர்த்து வடித்த சோறு, மேலே சம்பல், பொரித்த நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை. இதுதான் நாசி லெமாக். மாலையிலிருந்து நள்ளிரவு வரை இதற்கென்றே கடைகள் திறந்திருக்கும். சைவர்கள் கவனிக்க வேண்டியது சம்பலை. அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது பெரும்பாலும் சேர்ந்திருக்கும். நெத்திலியை மட்டும் ஒதுக்கிவிட்டால் சைவமாகிவிடாது. சுத்த சைவம் வேண்டுமென்றால் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போவதே நிம்மதி. அதைக் கீழே சொல்கிறேன்.

சாப்பிட்டுத் திரும்பும்போது பூங்கா ஏரியில் இசைநீரூற்று. இரவு எட்டு, ஒன்பது, பத்து மணிக்கு இசையோடும் விளக்கோடும் ஆடும், கட்டணம் கிடையாது. ஒன்பது மணி ஆட்டம் தோதாக அமையும். படியில் இடம் பிடிக்கக் கால் மணி முன்னதாகப் போய்விடுங்கள்.

மறுநாள்: மூன்று நிறுத்தம் தள்ளி

இரட்டைக் கோபுரம் புதிய கோலாலம்பூர். பழையதைப் பார்க்க அதே ரயிலில் மூன்று நிறுத்தம் பின்னால் வந்து மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்குங்கள். கிள்ளானும் கோம்பாக்கும் கூடுமிடத்தில், தென்னை சூழ, 1909இல் கட்டிய பள்ளிவாசல். ஊர் பிறந்ததே இந்தக் கூடுதுறையில்தான். ஆற்றைத் தாண்டினால் 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாத் கட்டடம், எதிரே மெர்டேக்கா சதுக்கம். 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது இங்கே.

இதே நிலையத்தை ஒட்டிய லெபோ அம்பாங் தெருவை அநேகமாக எந்தச் சுற்றுலாக் குழுவும் காட்டுவதில்லை. நம்மவர்கள் தவறவிடக் கூடாத தெரு அது. வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் கடை வைத்திருந்த இடம். ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் கடன் கொடுத்த பணம் இங்கிருந்துதான் புரண்டது. மயில் ஓடு பதித்த பழைய முகப்புகள் சில இன்னும் நிற்கின்றன, நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா. தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசலின் பெயர் தாங்கிய துணிக்கடைத் தெரு. இங்கே பேரம் தமிழிலேயே நடக்கும்.

அப்படியே தெற்கே நடந்தால் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். கா. தம்புசாமி பிள்ளை 1873இல் தன் குடும்பக் கோயிலாகத் தொடங்கினார். பொதுமக்களுக்குத் திறந்தது 1920களின் பிற்பகுதியில். ஐந்துநிலைக் கோபுரம் 1968இல் எழுந்தது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். இரண்டு எட்டு தள்ளி சீனர்களின் பெட்டாலிங் தெரு. அண்ணாந்தால் 678.9 மீட்டர் மெர்டேக்கா 118. நாட்டின் உயரமான கட்டடம் என்ற பட்டம் இப்போது அதனிடம்.

பத்துமலைக்கு எல்.ஆர்.டி. போகாது. கே.எல். சென்ட்ரலில் கே.டி.எம். கொமுட்டர் ரயிலைப் பிடிக்க வேண்டும். கடைசி நிறுத்தமே கோயில் வாசல். கோபுர அடித்தளத்துக்குத் தொல்லை கொடுத்த அந்தச் சுண்ணாம்புப் பாறை இங்கே மலையாக எழுந்து நிற்கிறது. ஊருக்கு அடியில் மறைந்திருப்பதும் இங்கே குகையாகத் திறந்திருப்பதும் ஒரே பாறை வகைதான். 272 படி. 2018இல் வண்ணம் பூசியது. முருகன் சிலை 42.7 மீட்டர், 2006இல் திறந்தது. காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் படியில் வெயில் இருக்காது. முழங்கால் மறையும் உடை அவசியம். கையில் தின்பண்டப் பை வேண்டாம். குரங்குகள் பிடுங்குவதில் தேர்ந்தவை.

திரும்பி கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்களால் நிறைந்த பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் இங்கே இருக்கிறது. வாழையிலைச் சாப்பாடு, சைவ உணவகம், பூக்கட்டும் கடை, எல்லாம் நடந்துபோகும் தூரம். மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட வசதியான இடம் இந்தச் சுற்றில் இல்லை.

விமானம் மாறும் இடைவெளியில் மட்டும் வருகிறவர்களுக்கு

விமான நிலையத்திலிருந்து கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரலுக்குக் கொண்டுவந்துவிடும். பேருந்து மலிவு, ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும், நெரிசலில் இன்னும் கூடும். குடிநுழைவு வரிசையையும் திரும்பிப் போய்ப் பெட்டி சோதனைக்கு நிற்பதையும் கழித்துப் பார்த்தால், எட்டு மணி நேர இடைவெளியில் ஊருக்குள் மூன்றரை மணி கிடைக்கும். கனமான பையை கே.எல். சென்ட்ரலில் உள்ள பெட்டகத்தில் வைத்துவிட்டு, பகல் என்றால் ஏரிக்கரையும் லெபோ அம்பாங்கும் பார்க்கலாம். மாலை என்றால் ஏரிக்கரை, சலோமா பாலம், ஒரு தட்டு நாசி லெமாக். இந்தக் கணக்கில் பத்துமலைக்கும் கோபுரம் ஏறுவதற்கும் இடமில்லை. ஆறு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளி என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.